பென்பாயிண்ட், நியூட்டன், பென் விண்டோஸ்: முதல் தலைமுறை பேனா டேப்லெட்ட இன்னைக்கு கையில எடுத்தா எப்படி இருக்கு

பழைய பேனா டேப்லெட்டுன்னு பேச்செடுத்தாலே எல்லாரும் ஒரே விஷயத்தத்தான் சொல்றாங்க, நாம எழுதுறத அது சரியா படிக்காது, அதனாலதான் ஓடலன்னு. 1993-ல ஆப்பிளோட நியூட்டன் வந்தப்ப கிளம்புன பேச்சு, இன்னும் அடங்கல. எனக்கு இது ரொம்ப வருத்தமான விஷயம், ஏன்னா இந்த மிஷின்கள்ல நல்லா இருந்ததெல்லாம் அந்த ஒரே பேச்சுல அடிபட்டுப் போயிடுச்சு. கையெழுத்த எழுத்தா மாத்துறது இதுல ஒரு பகுதி, அவ்வளவுதான், அதுவும் பெரிய பகுதி இல்ல. பேனா கையில இருக்கறப்ப ஒரு கம்ப்யூட்டர் எப்படி நடந்துக்கணும்னு உக்காந்து யோசிச்சவங்க ரொம்ப சில பேர், அவங்க செஞ்ச ஓஎஸ்ஸ, அதாவது ஆபரேட்டிங் சிஸ்டத்த, எடுத்து யூஸ் பண்ணிப் பாத்தா இன்னைக்கு டேப்லெட்ல கூட இல்லாத சில விஷயம் இருக்கு.

நான் நல்லா பழகுனது பென்பாயிண்ட் ஓடுற ஒரு ஈஓ 440, நியூட்டன் ஓடுற ஒரு மெசேஜ்பேட் 2100, அப்புறம் விண்டோஸ் எக்ஸ்பி டேப்லெட் எடிஷன் ஓடுற ஒரு மிஷின். விண்டோஸ் 3.1 மேல ஓடுற பென் விண்டோஸையும் கொஞ்சம் நோண்டியிருக்கேன். இதெல்லாம் சேர்த்துத்தான் இந்த ரிவ்யூ, ஒவ்வொண்ணுக்கும் சமமா இடம் கொடுக்கப் போறதில்ல, பென்பாயிண்ட்டுக்கும் நியூட்டனுக்கும்தான் நிறைய.

முதல்ல கிரிட்பேட சொல்லிட்டு நகந்துடறேன். 1989-ல கிரிட் சிஸ்டம்ஸ் விட்டது, டிசைன் பண்ணவர் ஜெஃப் ஹாக்கின்ஸ், பின்னாடி பாம் பைலட் செஞ்ச பாம் கம்பெனிய ஆரம்பிச்ச அதே ஆள். கிட்டத்தட்ட ரெண்டு கிலோ கனம், 640க்கு 400 கறுப்பு வெள்ள ஸ்க்ரீன், பேனா ஒயர்ல கட்டித் தொங்கும், உள்ள எம்எஸ்-டாஸ். அதாவது பேனாவுக்குன்னு ஓஎஸ் எதுவும் கிடையாது, டாஸ் மேல ஃபார்ம் ஃபில் பண்ற சாஃப்ட்வேர் ஒண்ணு. கட்டத்துல ஒவ்வொரு எழுத்தா எழுதணும், டிக் அடிக்கணும், அவ்வளவுதான் வேல. வெளில நின்னு கணக்கெடுக்கறவங்க, ஃபார்ம் நிரப்புறவங்க இவங்களுக்குன்னே செஞ்சது, அந்த வேலைய ஒழுங்கா செஞ்சது. விலை மட்டும் சாஃப்ட்வேர் இல்லாமலே 2000 டாலருக்கு மேல. ஒரு சின்ன வேலைய எடுத்துக்கிட்டு அத முழுசா முடிச்ச மிஷின்ங்கற மரியாத இதுக்கு உண்டு, ஆனா உக்காந்து நாலு வரி குறிப்பு எழுதலாம்னு ஆசப்பட்டா இதுல ஒண்ணும் கிடையாது.

இப்ப பென்பாயிண்ட்டுக்கு வர்றேன்.

இத செஞ்ச கோ கார்ப்பரேஷன் 1987-ல ஆரம்பிச்சது, ஜெர்ரி கப்லன், ராபர்ட் கார், கெவின் டோரன் மூணு பேர். இவங்க டாஸ் மேல எதையும் ஒட்ட வைக்கல, ஓஎஸ்ஸையே முதல்லேந்து எழுதுனாங்க, 32-பிட், ஆப்ஜெக்ட் ஓரியண்டட், 1992-ல வெளில வந்துச்சு. ஆன் பண்ணா டெஸ்க்டாப்பே கிடையாது, ஒரு நோட்புக் திறந்து கிடக்கும். முதல் பக்கம் பொருளடக்கம், பக்க நம்பரோட. வலது ஓரத்துல டேப் ஒட்டிக்கலாம், கீழ ஒரு வரிசையில இன்பாக்ஸ், அவுட்பாக்ஸ், ஹெல்ப் மாதிரி சாமான்லாம் அடுக்கி வச்சிருக்கும், அதுக்கு புக்‌ஷெல்ஃப்னு பேர். ஒரு பக்கத்துக்குப் போகணும்னா பொருளடக்கத்துல அந்த நம்பர தட்டணும், அடுத்த பக்கம் வேணும்னா மேல இருக்கற பக்க நம்பர் பக்கத்துல தட்டுனா போதும்.

இது வெறும் தோல் மாத்துற வேல இல்லீங்க. உள்ளயும் அப்படித்தான். ஒவ்வொரு பக்கமும் ஒரு டாக்குமெண்ட், அந்த டாக்குமெண்ட்டுக்குப் பின்னாடி ஒரு அப்ளிகேஷன் ஓடிட்டு இருக்கும், பக்கத்தத் திருப்புனா அது அப்படியே நிக்கும், திரும்பி வந்தா விட்ட இடத்துல விட்ட மாதிரியே இருக்கும். சேவ் கிடையாது, ஓபன் கிடையாது, க்விட் கிடையாது. ப்ரோக்ராம தொறக்கணும்ங்கற நினைப்பே வராது, பக்கத்தத் தொறக்கறோம் அவ்வளவுதான். ஒரு டாக்குமெண்ட்டுக்குள்ள இன்னொண்ண வைக்கலாம், லெட்டர் நடுவுல ஒரு படம் வரையற பக்கத்த வச்சா அது உயிரோட அங்கயே இருக்கும், அங்கயே வரையலாம். இதெல்லாம் ஓஎஸ் லெவல்லயே இருந்தது, எந்த அப்ளிகேஷன் எழுதுனாலும் தானா கிடைக்கும்.

அடுத்தது ஜெஸ்ச்சர், அதாவது பேனாவால போடற குறியே கமாண்ட். இதத்தான் நான் கிட்டத்துல காட்டணும்னு நினைக்கறேன். ஒரு வார்த்தைய அழிக்கணுமா, அது மேல பெருக்கல் குறி போடு, போயிடும். நடுவுல எதையாவது சொருகணுமா, வரிக்கு அடியில ஒரு கூம்பு மாதிரி குறி போடு, ப்ரூஃப் திருத்தறவங்க போடுவாங்களே அதே குறி, எழுதறதுக்கு ஒரு குட்டி பேட் வந்து நிக்கும். ஒரு வார்த்தையில எழுத்து தப்பா விழுந்திருக்கா, அத சுத்தி ஒரு வட்டம் போடு, அந்த வார்த்த மட்டும் பெருசாகி ஒவ்வொரு எழுத்தும் தனித்தனி கட்டத்துல வந்து உக்காரும், தப்பான எழுத்து மேலயே சரியான எழுத்த எழுதிட்டு ஓகே தட்டுனா முடிஞ்சுது. ஸ்க்ரோல் பண்ணணும்னா பேனாவ மேலயோ கீழயோ ஒரு சின்ன சுண்டு சுண்டணும், ஸ்க்ரோல்பார தேடிப் போக வேண்டாம். டிக் குறி போட்டா அந்த இடத்துக்கான ஆப்ஷன்ஸ் வரும்.

இதுல என்ன அழகுன்னா, என்ன செய்யணும்ங்கறதும் எங்க செய்யணும்ங்கறதும் ஒரே கோட்டுல முடிஞ்சிடுது. மவுஸ்ல முதல்ல செலக்ட் பண்ணணும், அப்புறம் மெனுவுக்குப் போகணும், அப்புறம் கமாண்ட். பேனாவுல அந்த வார்த்தை மேலயே பெருக்கல் குறி விழுந்துடுது, கை அந்த இடத்த விட்டு நகரவே இல்ல. ஒரு பக்கம் முழுக்க திருத்திட்டுப் போறப்ப கை பேப்பர்ல திருத்தற வேகத்துலயே போகும், நடுவுல நின்னு யோசிக்கற இடம் வராது. இன்னைக்கு பேனாவோட விக்கற டேப்லெட்கள்ல அடிச்சு அழிக்கறது மாதிரி ஒண்ணு ரெண்டு வந்திருக்கு, அதுவும் சில இடத்துல மட்டும். பென்பாயிண்ட்ல பொருளடக்கத்துல ஒரு வரிய அடிச்சா அந்த டாக்குமெண்ட்டே போகும், லெட்டர்ல ஒரு வார்த்தைய அடிச்சா வார்த்த போகும், எல்லா இடத்துலயும் ஒரே குறி ஒரே அர்த்தம். இந்த ஒழுங்கு இன்னைக்கு எந்த பேனா டேப்லெட்லயும் நான் பாக்கல.

கையெழுத்து படிக்கறது? தனித்தனியா எழுதுன எழுத்துகளத்தான் படிக்கும், சேத்து எழுதுறத படிக்காது, ஆங்கில எழுத்துதான். நம்ம கையெழுத்த சொல்லிக் கொடுத்து பழக்கிக்கலாம். பழக்குன அப்புறம் பரவால்லைங்கற அளவு, ரொம்ப நேரம் அதுல டைப் பண்ற மாதிரி எழுதிட்டே இருக்க முடியாது. ஆனா திருத்தறது இவ்ளோ லேசா இருக்கறதால தப்பு வந்தா கடுப்பாகாது, வட்டம் போட்டு ஒரு எழுத்த மாத்திட்டுப் போயிட்டே இருக்கலாம். தப்பே வராத ரெகக்னிஷன விட, வந்த தப்ப ஒரு செகண்ட்ல திருத்த முடியறது பெருசுன்னு நான் நம்பறேன், இத அந்தக் காலத்துலயே புரிஞ்சு செஞ்சவங்க கோ ஆளுங்க.

அப்ப எங்க கோட்ட விட்டுச்சுன்னா, ஹார்ட்வேர்ல. ஈஓ 440 எடுத்துக்கோங்க, 1993-ல வந்தது, ஈஓ கோவுல இருந்து பிரிஞ்ச கம்பெனி, அமெரிக்க டெலிஃபோன் கம்பெனி ஏடிஅண்ட்டி அதுல பெரிய பங்கு வாங்குச்சு. ப்ராசஸர் ஏடிஅண்ட்டியோட ஹாபிட், 440-ல 20 மெகாஹெர்ட்ஸ், பெரிய அண்ணன் 880-ல 30 மெகாஹெர்ட்ஸ். கனம் 440 ஒரு கிலோ இருக்கும், 880 அதவிட ரொம்ப ஜாஸ்தி. ரெண்டு பக்கமும் காது மாதிரி நீட்டிட்டு இருக்கும், அதுலதான் ஸ்பீக்கர், மைக். ஃபேக்ஸ் அனுப்பலாம், தனியா செல்லுலார் ஃபோன் மாட்டிக்கலாம், யோசன எல்லாம் பத்து பதினஞ்சு வருஷம் முன்னாடி போயிருக்கு. ஆனா விலை 2000 டாலர்ல ஆரம்பிச்சு மேல போகும், பக்கம் திருப்புனா ஒரு கணம் நிக்கும், பேனா முனைக்கும் கோடு விழுற இடத்துக்கும் நடுவுல கண்ணாடி கனம் தெரியும், அதனால ஓரத்துல எழுதுறப்ப கோடு முனைக்குப் பக்கத்துல தள்ளி விழற மாதிரி இருக்கும். அந்த கணம் தாமதம் இருக்கே, அதுதான் கொல்லுது. பேப்பர் மாதிரின்னு மனசுல பதிஞ்சுட்ட ஒரு விஷயம் பேப்பர விட மெதுவா திரும்புனா கை உடனே கண்டுபிடிச்சிடும். 1994-ல ஏடிஅண்ட்டி எல்லாத்தையும் இழுத்து மூடிடுச்சு, கோவும் போச்சு, ஈஓவும் போச்சு.

ஐபிஎம்மும் பென்பாயிண்ட்ட எடுத்துக்கிச்சு. திங்க்பேட்ங்கற பேர்ல 1992-ல முதல்ல வந்தது கீபோர்ட் வச்ச லேப்டாப் இல்ல, பேனா டேப்லெட்தான், பின்னாடி அதுவே 700டி ஆச்சு. உள்ள 386 ப்ராசஸர், ஹார்ட் டிஸ்க்குக்கு பதிலா ஃப்ளாஷ் மெமரி. கையில கிடைச்சதில்ல, அதனால இதோட நிறுத்திக்கறேன்.

பென் விண்டோஸ். மைக்ரோசாஃப்ட் 1991-லயே நாங்களும் கொண்டு வர்றோம்னு சொல்லிடுச்சு, 1992-ல விண்டோஸ் 3.1-க்கு மேல ஓடற மாதிரி வந்துச்சு. இத ரிவ்யூ பண்றது சுலபம், ஏன்னா இது அதே விண்டோஸ். அதே சின்ன சின்ன மெனு, அதே குட்டி ஸ்க்ரோல்பார் அம்பு, அதே ஃபைல், ஓபன், சேவ். பேனா மவுஸ் வேலைய பாக்கும். எழுதற இடத்துல கட்டம் போட்ட பாக்ஸ் வரும், கொஞ்சம் ஜெஸ்ச்சர் உண்டு, ஒரு நோட்புக் அப்ளிகேஷன் உண்டு. ஆனா பேனாவ பத்தி ஒண்ணுமே தெரியாத பழைய ப்ரோக்ராம்ல நுழைஞ்சதும் எல்லாம் போச்சு, கண்ணாடிக்கு அடியில மங்கலா தெரியற ஒரு குட்டி பட்டன பேனா முனையால குறி பாத்து குத்திட்டு உக்காந்திருக்கணும், கை வலிக்கும் கண்ணும் வலிக்கும். இதோட ஒரே பலம், ஏற்கனவே வச்சிருக்கற விண்டோஸ் சாஃப்ட்வேர் எல்லாம் ஓடும்ங்கறது. வாங்கறவங்களுக்கு அது பெரிய விஷயம்தான், அத நான் குறைச்சு சொல்ல மாட்டேன், ஆபீஸுக்கு வாங்கற ஆளு ஓடுற சாஃப்ட்வேரத்தான் பாப்பார். ஆனா சாஃப்ட்வேர் எழுதறவங்க பென்பாயிண்ட்டுக்கு எழுதறதா விண்டோஸுக்கு எழுதறதான்னு காத்திருந்து காத்திருந்தே பென்பாயிண்ட்டுக்கு ஆள் சேராம போச்சு. நல்லா யோசிச்சு செஞ்ச ஓஎஸ் ஒண்ணு இப்படி வாடி நின்னத நினைச்சா இன்னும் மனசு ஆறல.

இனி நியூட்டன்.

ஆப்பிள்ல ஜான் ஸ்கல்லி தலைவரா இருந்தப்ப 1992 மே மாசம் சிகாகோ எலக்ட்ரானிக்ஸ் கண்காட்சியில காட்டுனாங்க, கைக்கு வந்தது 1993 ஆகஸ்ட், விலை 699 டாலர். முதல்ல இதுக்கும் ஏடிஅண்ட்டி ஹாபிட் ப்ராசஸரத்தான் யோசிச்சாங்க, அப்புறம் விட்டுட்டு ஆர்ம்ங்கற ப்ராசஸர் பக்கம் போனாங்க. அதுக்காக ஏகார்ன், விஎல்எஸ்ஐங்கற ரெண்டு கம்பெனி கூட சேந்து 1990-ல ஆர்ம் கம்பெனியவே தொடங்குனாங்க. இன்னைக்கு நீங்க கையில வச்சிருக்கற ஃபோனுக்குள்ள ஓடற ப்ராசஸர் வம்சம் அங்கிருந்துதான் வளந்து வந்துச்சு, பேனா டேப்லெட் ஒண்ணுக்காக எடுத்த முடிவு அது.

முதல் மெசேஜ்பேட் 20 மெகாஹெர்ட்ஸ் ஆர்ம் 610, 336க்கு 240 ஸ்க்ரீன், 640 கேபி ராம், நாலு சின்ன ஏஏஏ பேட்டரி. கெட்ட பேர் வாங்குனது இதுதான். காரணம் என்னன்னா, இதுல இருந்த படிக்கற எஞ்சின் பாராகிராஃப்ங்கற ரஷ்யக் கம்பெனி செஞ்சது, சேத்து எழுதற கையெழுத்தையும் படிக்கப் பாக்கும், ஆனா முழு வார்த்தையா எடுத்துக்கிட்டு உள்ள இருக்கற டிக்‌ஷனரில எதோட ஒத்துப் போகுதுன்னு தேடும். டிக்‌ஷனரில இல்லாத ஒரு பேர எழுதுனீங்கன்னா, தெரியலன்னு சொல்லாது, தனக்கு தெரிஞ்ச வேற ஏதோ ஒரு வார்த்தைய எடுத்து வச்சிடும். ஒரு எழுத்து மாறி விழுந்தா நாம எழுதுனது இன்னும் புரியும், வார்த்தையே மாறிப் போனா நாம என்ன எழுதுனோம்ங்கறதே தெரியாது. இதான் ஜனங்களுக்கு பைத்தியக்காரத்தனமா தெரிஞ்சது, பத்திரிகை கார்ட்டூன் வரைக்கும் போய் கேலி பண்ணாங்க. 14 மாசம் முன்னாடியே காட்டி ஆசைய ஏத்தி விட்டதும் சேந்துக்கிச்சு.

இதுக்கப்புறம் நடந்தத யாரும் சொல்றதில்ல, அதுதான் எனக்கு ஆதங்கம். 1996-ல நியூட்டன் ஓஎஸ் 2.0 வந்துச்சு. அதுல பிரிச்சு எழுதற எழுத்துக்காக ஆப்பிளே ஒரு எஞ்சின் செஞ்சாங்க, நியூரல் நெட்வொர்க் வச்சு, ஒவ்வொரு எழுத்தா பாத்து, டிக்‌ஷனரிய உதவிக்கு மட்டும் வச்சுக்கும், அது சொல்றதுதான் வேதம்னு போகாது. புதுப் பேர எழுதுனாலும் எழுதுன எழுத்தே விழும். 1997-ல மெசேஜ்பேட் 2000 வந்துச்சு, அதே வருஷக் கடைசில 2100, ரெண்டுலயும் 162 மெகாஹெர்ட்ஸ் ஸ்ட்ராங்ஆர்ம், 480க்கு 320 ஸ்க்ரீன், பின்னாடி வெளிச்சம், நாலு சாதாரண ஏஏ பேட்டரி. அந்த வேகத்துல அந்த எஞ்சின் ஓடறத பாக்கணும். வேகமா எழுதிட்டுப் போறேன், அடுத்த வார்த்த ஆரம்பிக்கறதுக்குள்ள முந்துன வார்த்த அச்செழுத்தா மாறியிருக்கு. 1997-ல வந்த மிஷின்ங்கறத நம்பவே முடியல. தப்பா விழுந்தா வார்த்தைய ரெண்டு தட்டு தட்டுனா வேற என்னவா இருக்கலாம்னு லிஸ்ட் வரும், அந்த லிஸ்ட்லயே நான் கையால எழுதுன வடிவமும் இருக்கும், அதையே திரும்ப எடுத்துக்கலாம்.

ஆனா நான் 2100-ல பெரும்பாலும் இத ஆன் பண்றதே இல்ல. 2.0-ல இன்னொரு வழி கொடுத்தாங்க, எழுதறத மாத்தாம கையெழுத்தாவே விட்டுடலாம், ஆனா அது படம் இல்ல, டெக்ஸ்ட் மாதிரி நடந்துக்கும். ஒவ்வொரு வார்த்தையும் தனித்தனியா நிக்கும், நடுவுல இடம் விட்டு புதுசா எழுதுனா மத்தது தள்ளிப் போகும், வரி மடங்கும், வேணும்னா பின்னாடி எப்பவாவது செலக்ட் பண்ணி எழுத்தா மாத்திக்கலாம். இது எவ்ளோ பெரிய விஷயம்னு உங்களுக்கு புரியுதா? எழுதற நேரத்துல மிஷின் குறுக்க வராது. ஒரு ஆள் பேசப் பேச குறிப்பெடுக்கறப்ப, தப்பு விழுந்துச்சா இல்லையான்னு பாத்துட்டே இருக்க வேண்டாம், கண்ண ஆள் மேல வச்சுக்கிட்டு எழுதிட்டுப் போகலாம். அதோட இதுல தமிழ்லயும் எழுதறேன். படிக்கத் தெரிஞ்சது ஆங்கிலம் மாதிரி சில மொழிதான், ஆனா கையெழுத்தாவே விட்டா அதுக்கு எந்த மொழியா இருந்தா என்ன, கோடு கோடுதான். மெய்யெழுத்து புள்ளி, கொம்பு எல்லாம் வார்த்தையோட ஒட்டிக்கிட்டே நகருது, இடைவெளிய மட்டும் கொஞ்சம் தாராளமா விட்டு எழுதணும்.

நியூட்டன்ல கையாளறதும் தனி சுகம். அழிக்கணும்னா கிறுக்கணும், மேலயும் கீழயுமா நாலு கிறுக்கு, ஒரு குட்டி புகை மேகம் கிளம்பி வார்த்த காணாம போகும், சத்தத்தோட. செலக்ட் பண்ண பேனாவ ஒரே இடத்துல கொஞ்ச நேரம் அழுத்திப் புடிச்சா முனைக்கு அடியில ஒரு தடிச்ச மை கோடு வரும், அத அப்படியே இழுத்தா செலக்ட் ஆகும். செலக்ட் பண்ணத இழுத்துட்டுப் போய் ஸ்க்ரீன் ஓரத்துல விட்டா அங்கயே ஒட்டிக்கிட்டு நிக்கும், வேற நோட்டுக்குப் போய் அங்கிருந்து உள்ள இழுத்துக்கலாம், காப்பி பேஸ்ட் கண்ணுக்கு முன்னாடியே தொங்கிட்டு இருக்கு. நோட்பேட்ல குறுக்க ஒரு நீள கோடு போட்டா அதுக்குக் கீழ புது நோட் ஆரம்பிச்சிடும். வட்டம் கோணலா போட்டா ஒழுங்கான வட்டமா ஆக்கித் தரும், வேணாம்னா அத ஆஃப் பண்ணிக்கலாம்.

உள்ள டேட்டா வைக்கற விதம் எனக்கு இன்னும் ஆச்சரியம். ஃபைலே கிடையாது. சூப்னு சொல்வாங்க, எல்லா அப்ளிகேஷனும் ஒரே பொதுவான இடத்துல இருந்து எடுத்துக்கும். அட்ரஸ் எல்லாம் ஒரு சூப்ல, காலண்டர் இன்னொண்ணுல, எந்த அப்ளிகேஷன் வேணா அதுல கை வச்சு எடுக்கலாம். அதனாலதான் அசிஸ்ட் வேல செய்யுது. வெள்ளிக்கிழமை இன்னார்கூட சாப்பாடுன்னு ஆங்கிலத்துல ஒரு வரி கிறுக்கிட்டு அசிஸ்ட் பட்டன தட்டுனா, இன்னார் யாருன்னு அட்ரஸ்ல தேடி, வெள்ளிக்கிழமை என்ன தேதின்னு பாத்து, சாப்பாட்டு நேரத்துக்கு மீட்டிங் ஸ்லிப் ரெடி பண்ணி வச்சு, சரியா பாருன்னு கேக்கும். சின்ன சின்ன வேலதான் தெரியும் அதுக்கு, ஆனா தெரிஞ்சத நம்மகிட்ட காட்டிட்டுத்தான் செய்யும். 1998 பிப்ரவரில ஸ்டீவ் ஜாப்ஸ் காலத்துல நியூட்டன நிறுத்திட்டாங்க. நல்ல பொருள் ஆகி ஒரு வருஷம் கூட விக்க விடல.

குற இல்லாம இல்ல. 2100 சட்டப் பையில போகாது, 640 கிராம் கிட்ட இருக்கு, விலை அப்ப 1000 டாலர் பக்கம். சீரியல் கேபிளுக்கு தனி அடாப்டர் வேணும். கம்ப்யூட்டரோட சேக்கறது அன்னைக்கும் தலைவலிதான், இன்னைக்கு கேக்கவே வேண்டாம்.

அந்த ஓட்டைய பாத்து உள்ள புகுந்தவர்தான் ஜெஃப் ஹாக்கின்ஸ். 1996-ல பாம் பைலட், 299 டாலர்ல ஆரம்பம், 160க்கு 160 ஸ்க்ரீன், ரெண்டு ஏஏஏ பேட்டரி, தொட்டில்ல வச்சு ஒரு பட்டன் அமுக்குனா கம்ப்யூட்டரோட சேந்துக்கும். செய்யறதுக்கு முன்னாடி அந்த சைஸ்ல ஒரு மரக்கட்டைய பையில வச்சுக்கிட்டு திரிஞ்சு பாத்தவர் அவரு. படிக்கற பிரச்சினைக்கு கிராஃபிட்டி, ஒவ்வொரு எழுத்தும் ஒரே கோடு, ஏ எழுத நடுக்கோடு இல்லாம கூம்பு மட்டும், டி-க்கு கோணம் மாதிரி ஒரு கோடு, எழுதறதும் ஸ்க்ரீனுக்கு கீழ ஒதுக்குன இடத்துல. மிஷின் நம்மள கத்துக்கறதுக்கு பதிலா நாம அத கத்துக்கணும். சீக்கிரம் கை பழகிடும், தப்பு கம்மி, இவ்ளோ சின்ன ப்ராசஸர்ல இது நடந்ததே பெருசு. ஜனங்க அள்ளிட்டுப் போனாங்க, நியாயம்தான். ஆனா அங்க பேனாங்கறது கீபோர்டுக்கு மாத்து, எழுத்து எங்க விழணுமோ அங்க எழுதறதில்ல, பக்கத்துல எழுதுனா அங்க விழும். அட்ரஸ், ஃபோன் நம்பர், ரெண்டு வரி மெமோ, இதுக்கு அருமை. யோசிச்சு எழுதறதுக்கு என்னால அத வச்சுக்க முடியல.

மைக்ரோசாஃப்ட் திரும்ப வந்தது 2002 நவம்பர்ல, விண்டோஸ் எக்ஸ்பி டேப்லெட் பிசி எடிஷனோட. 2001-லயே பில் கேட்ஸ் அஞ்சு வருஷத்துல அமெரிக்காவுல அதிகமா விக்கற பிசி இதுதான் ஆகும்னு சொன்னார், அது நடக்கல. ஆனா இந்தத் தடவ ஒரு விஷயத்த சரியா புடிச்சாங்க. பேனா மேல தனி கவனம், முனை ஸ்க்ரீன தொடாம மேல நின்னாலே தெரிஞ்சுக்கற டிஜிடைசர், நொடிக்கு நூறு தடவைக்கு மேல பேனா இருக்கற இடத்த எடுக்கும், கோடு வழுவழுன்னு வரும். ஜர்னல்னு ஒரு அப்ளிகேஷன், கோடு போட்ட பேப்பர், எழுதுனா கையெழுத்தாவே நிக்கும். அதுல ஆங்கில வார்த்த ஒண்ண டைப் பண்ணித் தேடுனா கையால எழுதுன பக்கத்துல அந்த வார்த்தைய காட்டும். ரெகக்னிஷன் பின்னாடி உக்காந்து சத்தமில்லாம வேல பாக்குது, தப்பு பண்ணாலும் நம்ம கையெழுத்து அப்படியே இருக்கு. படிக்கற எஞ்சினுக்கு சரியான இடம் அதுதான்னு நான் சொல்வேன். ஜர்னல விட்டு வெளில வந்தா மறுபடி அதே பழைய விண்டோஸ், குட்டி பட்டன், கீழ ஒரு இன்புட் பேனல்ல எழுதி மேல அனுப்பற வேல, பேட்டரி சூடு, ஃபேன் சத்தம். அதுக்கு பத்து வருஷம் முன்னாடியே பென்பாயிண்ட் சேவ் பட்டனயே தூக்கிப் போட்டிருந்தது, இங்க ஜர்னல்ல எழுதி முடிச்சதும் ஃபைல் பேர் கேட்டு நிக்குது.

இப்ப வாங்கலாமா? ஈஓவ பாத்து பாசப்பட்டு பணம் கொட்ட வேண்டாம், அபூர்வம், ரிப்பேருக்கு ஒண்ணும் கிடைக்காது, ஓட்டறத பாக்க சான்ஸ் கிடைச்சா மட்டும் விடாதீங்க. பென் விண்டோஸ் வேண்டவே வேண்டாம். எக்ஸ்பி டேப்லெட் பழசு மலிவா கிடைக்கும், ஜர்னலுக்காக மட்டும்னா ஓகே, நெட்ல விடாம வச்சுக்கோங்க.

வாங்கறதா இருந்தா மெசேஜ்பேட் 2000 இல்லன்னா 2100. பாத்து வாங்க வேண்டியது, ஏஏ பேட்டரி போடற தட்டு கூட இருக்கணும், பழைய ரீசார்ஜ் பேக் எல்லாம் செத்துதான் இருக்கும், கசிஞ்சும் இருக்கலாம். நோட்பேட்ல மெதுவா ஒரு குறுக்கு கோடு போட்டுப் பாருங்க, கோடு பல் பல்லா நடுங்குதுன்னா டிஜிடைசர் கனெக்‌ஷன்ல கோளாறு, இந்த மாடல்ல அது தெரிஞ்ச வியாதி. தேதி விஷயத்துல ஒண்ணு, இதுல நேரத்த 1993-லேருந்து செகண்டா எண்ணறாங்க, அந்த எண் 2010 ஜனவரி 5-ல நிரம்பிடுச்சு, அதுக்கு ஆர்வலர்கள் எழுதுன பேட்ச் இருக்கு, போட்டுத் தரச் சொல்லி கேளுங்க. மெமரி கார்ட் போடற சைடு ஸ்லாட் ரெண்டுலயும் பழைய வைஃபை கார்ட் வேல செய்யும், அதுக்கும் ஜனங்க ட்ரைவர் எழுதி வச்சிருக்காங்க. மிஷினே வேண்டாம் ருசி மட்டும் பாக்கணும்னா நியூட்டன கம்ப்யூட்டர்ல ஓட்டிக் காட்டற ஐன்ஸ்டைன்னு ஒரு எமுலேட்டர் இருக்கு, நியூட்டனோட ரோம் (ROM) இமேஜ் மட்டும் நீங்க ஏற்பாடு பண்ணிக்கணும், பேனா ஸ்க்ரீன் உள்ள கம்ப்யூட்டர்ல போட்டுப் பாருங்க, மவுஸ்ல போட்டுட்டு நல்லா இல்லன்னு சொல்லாதீங்க.

வாங்கி ஆன் பண்ணதும் நோட்பேட்ல கீழ இருக்கற ரெகக்னிஷன் பட்டன தட்டி இங்க் டெக்ஸ்ட்ட, அதாவது கையெழுத்தாவே விடற வழிய, செலக்ட் பண்ணிட்டு ஒரு பக்கம் எழுதுங்க. எழுத்தா மாத்தறது அப்புறம், முதல்ல ஒரு பக்கம் முழுக்க எழுதி, நடுவுல சொருகி, கிறுக்கி அழிச்சு, ஓரத்துல ஒட்ட வச்சு பாருங்க.